உலக வணிகச் சட்டம் விட்டுவைத்த மனிதர்: இளையோர் அடையாளம் குறித்து ஒரு பதில்

நீங்கள் எழுதவிருக்கும் கட்டுரைக்காக, உலகமயமாக்கல் வணிகச் சட்டத்தை எப்படி மாற்றியது, இளைஞர்களின் அடையாளத்தை எப்படி மாற்றியது என்று இரண்டு கேள்விகளைக் கேட்டுவிட்டு, கடைசியில், ‘இந்த இரண்டுக்கும் உண்மையிலேயே சம்பந்தம் உண்டா, பாடத்திட்டம் வகுத்தவர்கள் சும்மா சேர்த்துவைத்ததா’ என்று ஒரு வரியும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்கள் உண்மையான கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். சம்பந்தம் உண்டு என்பது என் பதில். ஆனால் அது பலரும் நினைக்கிற இடத்தில் இல்லை. இருபது ஆண்டுகளுக்கு மேலாக நாடு கடந்த ஒப்பந்தங்களை எழுதியும், அவற்றால் எழுந்த பிணக்குகளை, நீதிமன்றத்துக்கு வெளியே இரு தரப்பும் ஏற்கும் நடுவர்கள் முன் நடத்தியும், சட்ட மாணவர்களுக்குப் பாடம் எடுத்தும் வந்தவன் என்ற முறையில் சட்டத்தைப் பற்றி உறுதியாகச் சொல்ல முடியும். அடையாளம் என்பது உளவியலாரின் துறை. அங்கே அவர்கள் நிறுவியது எது, நானாக ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிட வேண்டும். உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே வணிகச் சட்டம் என்று எதுவும் கிடையாது. இருப்பவை சில உடன்படிக்கைகள், வணிகர்கள் தாங்களே வகுத்துக்கொண்ட சில விதித்தொகுப்புகள், இவற்றுக்கெல்லாம் மேலாக, ஒருவரைப் பார்த்து ஒருவர் நகலெடுத்துப் பழகிய ஒப்பந்த வாசகங்கள். உடன்படிக்கைகளில் பெரியது 1980ல் வியன்னாவில் உருவாகி 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் பன்னாட்டுச் சரக்கு விற்பனை உடன்படிக்கை. தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகள் அதில் சேர்ந்திருக்கின்றன. ஆனால் பிரிட்டனும் இந்தியாவும் சேரவில்லை. சேர்ந்த நாட்டு வணிகர்களும் ‘எங்கள் ஒப்பந்தத்துக்கு அது பொருந்தாது’ என்று ஒரே வரியில் விலக்கிவிட்டுப் போகலாம். அந்த உரிமையை உடன்படிக்கையே தருகிறது. சரக்கைக் கப்பலில் ஏற்றும் வரை யார் பொறுப்பு, காப்பீட்டை யார் எடுப்பது என்பதையெல்லாம் மூன்றே எழுத்துகளில் சொல்லும் எஃப்ஓபி, சிஐஎஃப் போன்ற விதிகளைப் பன்னாட்டு வர்த்தகச் சபை 1936ல் தொகுத்து வெளியிட்டது. நாடாளுமன்றம் எதுவும் இயற்றாத அந்த விதிகள் இன்று உலகத் துறைமுகங்களை ஆள்கின்றன. பிணக்கு வந்து ஒரு நாட்டில் நடுவர் தீர்ப்புக் கிடைத்தால் அதை இன்னொரு நாட்டில் நிறைவேற்ற வழி செய்வது 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கை. அதில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இருக்கின்றன. என் தொழிலே அந்த ஓர் உடன்படிக்கையின் மேல் நிற்கிறது என்று சொன்னால் மிகையாகாது.

இத்தனையும் எந்தப் பாடநூலிலும் இருக்கும். பாடநூல்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத இன்னொன்று இருக்கிறது. இந்த ஆவணங்கள் எதைப் பேசாமல் விட்டன என்று வரிசையாகப் பார்த்தால் அதில் ஒரு ஒழுங்கு தெரியும். வியன்னா உடன்படிக்கையின் இரண்டாம் பிரிவு, சொந்தப் பயன்பாட்டுக்காகவும் குடும்பத்துக்காகவும் வாங்கும் பொருள்களை விலக்குகிறது. நான்காம் பிரிவு, ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்ற கேள்வியை விலக்குகிறது. ஐந்தாம் பிரிவு, அந்தச் சரக்கால் ஓர் ஆளுக்கு நேரும் மரணத்தையும் காயத்தையும் விலக்குகிறது. நாடுகளின் தனியார் சட்டங்களை ஒருங்கிணைக்க ரோமில் இயங்கும் யூனிட்ராய் (UNIDROIT) நிறுவனம் 1994ல் வெளியிட்ட பன்னாட்டு வணிக ஒப்பந்தக் கோட்பாடுகள், ஒப்பந்தம் செய்துகொள்ள ஒருவருக்குத் தகுதி உண்டா என்ற விஷயத்தைத் தாங்கள் கையாளவில்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. நியூயார்க் உடன்படிக்கையும், ஒருவருடைய தகுதியை ‘அவருக்குப் பொருந்தும் சட்டம்’ தீர்மானிக்கட்டும் என்று ஒதுங்கிக்கொள்கிறது. ஆக, சரக்கும் பணமும் கடிதப் போக்குவரத்தும் உலகச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வயது, உடல், குடும்பம், பெயர், மானம் என்று ஆளோடு ஒட்டிக்கொண்டிருப்பவை எல்லாம் அந்தந்த நாட்டின் பொறுப்பிலேயே நின்றுவிட்டன. வணிகனுக்கும் வணிகனுக்கும் நடக்கும் பேரத்தில் இது பெரிய குறை ஆகாது. பதினேழு வயதுப் பிள்ளை ஒரு கைப்பேசியோடு அதே சந்தைக்குள் நுழையும்போதுதான் குறை ஆகிறது.

இந்த விடுபாட்டை மிகத் துல்லியமாகக் காட்டும் ஓர் இடம் அறிவுசார் சொத்துச் சட்டத்தில் இருக்கிறது. இலக்கிய, கலைப் படைப்புகளுக்கான பெர்ன் உடன்படிக்கையில் 1928ல் ரோம் மாநாட்டின்போது ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. தன் படைப்பின் பொருளாதார உரிமைகள் அனைத்தையும் விற்றுவிட்ட பிறகும், ‘இது நான் படைத்தது’ என்று சொல்லிக்கொள்ளவும், தன் பெயர் கெடும்படி அதைச் சிதைப்பதைத் தடுக்கவும் படைப்பாளிக்கு உரிமை உண்டு என்கிறது அந்தப் பிரிவு. இதைத் தார்மீக உரிமை என்பார்கள். உலக வர்த்தக அமைப்போடு 1995ல் நடைமுறைக்கு வந்த, அறிவுசார் சொத்துக்கான ட்ரிப்ஸ் ஒப்பந்தம், பெர்ன் உடன்படிக்கையின் முதல் இருபத்தொரு பிரிவுகளையும் உறுப்பு நாடுகள் பின்பற்ற வேண்டும் என்று ஆணையிட்டது. ஆணையிட்ட அதே ஒன்பதாம் பிரிவிலேயே, இந்தத் தார்மீக உரிமைப் பிரிவு மட்டும் தன் கட்டாயத்துக்குள் வராது என்றும் எழுதி வைத்தது. விற்கக்கூடிய உரிமைகளுக்கு வர்த்தகத் தடை என்ற வலுவான ஆயுதம் காவலுக்கு நின்றது. விற்க முடியாத உரிமைக்கு அந்தக் காவல் கிடைக்கவில்லை. பிரான்சில் தார்மீக உரிமையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவே முடியாது. பிரிட்டனின் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு கையெழுத்திட்டு அதைத் துறந்துவிடலாம். எந்தச் சட்டம் பொருந்தும் என்பதைப் பெரும்பாலும் ஒப்பந்தத்தை எழுதுகிறவரே தேர்ந்துவிடுகிறார்.

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் என்னிடம் பதினோரு பக்க ஒப்பந்தம் ஒன்றைக் கொண்டுவந்தார். வெளிநாட்டு விளையாட்டுச் செயலி நிறுவனம் ஒன்றுக்காக உருவங்கள் வரைந்து கொடுத்திருந்தார். பணம் ஒழுங்காக வந்துவிட்டது. அவருக்கு அதில் புகார் எதுவும் இல்லை. ஒன்பதாம் ஷரத்தைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் வந்திருந்தார். உலகெங்கும், இன்று இருக்கும் ஊடகங்களிலும் இனி கண்டுபிடிக்கப்படும் ஊடகங்களிலும் சகல உரிமைகளும் நிறுவனத்துக்கே என்று முதல் வரி. தார்மீக உரிமைகளைத் திரும்பப் பெறவே முடியாதபடி துறக்கிறேன் என்று இரண்டாம் வரி. இந்த வேலையைத் தன் மாதிரித் தொகுப்பில் காட்ட மாட்டேன், தானே வரைந்ததாக எங்கும் சொல்ல மாட்டேன் என்று மூன்றாம் வரி. அந்த மூன்றாம் வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டிருந்தார். “சார், என் தங்கச்சிகிட்டக்கூட நான் வரைஞ்சதுன்னு சொல்லக் கூடாதா?” என்று கேட்டார். சட்டப்படி அந்த வாசகம் எந்த அளவுக்குச் செல்லும் என்று நான் அரை மணி நேரம் விளக்கியிருப்பேன். எவ்வளவு விளக்கியும், அந்த உருவங்களை வரைந்த இரவுகள் தன் வாழ்க்கைக் கதையில் சேருமா சேராதா என்ற அவருடைய கேள்விக்கு என் விளக்கம் பதிலாகவில்லை. ‘நான் யார்’ என்பதற்கு அந்த வயதில் கிடைக்கும் முதல் சான்று பெரும்பாலும் ‘இது நான் செய்தது’ என்பதுதான். அதைத்தான் அவர் கையெழுத்திட்டுக் கொடுத்திருந்தார்.

உழைப்பிலும் இதே ஒழுங்கைக் காணலாம். 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய உலக வர்த்தக அமைப்பின் அமைச்சர்கள் மாநாடு, தொழிலாளர் தரநிலைகளை மதிப்பதாகச் சொன்னது. அவற்றை வகுப்பதற்கும் கையாள்வதற்கும் உரிய அமைப்பு பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பே என்றும் சொல்லி ஒதுக்கிவிட்டது. தொழிலாளர் அமைப்பிடம் தரநிலைகள் உண்டு. வர்த்தகத் தடை விதிக்கும் அதிகாரம் கிடையாது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம் பெண்களே அவர்களில் பெரும்பாலோர். அதன் பிறகுதான், வாங்கும் நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் கையெழுத்திட்டு, மீறினால் நடுவர் முன் நிறுத்தக்கூடிய பாதுகாப்பு ஒப்பந்தம் ஒன்று வந்தது. பிரான்ஸ் 2017லும் ஜெர்மனி 2021லும் தங்கள் பெருநிறுவனங்கள் வழங்கல் சங்கிலியைக் கண்காணிக்க வேண்டும் என்று சட்டம் இயற்றின. ஒரு சட்டையைத் தைத்த இருபது வயதுப் பெண்ணையும் அதை உடுத்திப் படம் எடுத்துப் போடும் இருபது வயதுப் பெண்ணையும் ஒரே கொள்முதல் ஆணை இணைக்கிறது. அந்த ஆணையைப் பற்றிய சட்டம் நெடுங்காலம் சட்டையைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருந்தது.

இனி வயது. உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமானதும் நான் அதிகம் யோசித்ததும் இதுதான். சமூக ஊடகக் கணக்கு தொடங்கப் பதின்மூன்று வயது ஆக வேண்டும் என்ற விதியை உலகில் எந்த மூலையில் இருக்கும் பிள்ளையும் அறிந்திருக்கும். அது உளவியலார் கூடி முடிவெடுத்த வயது இல்லை. அமெரிக்கா 1998ல் இயற்றிய குழந்தைகளின் இணைய அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டம், பதின்மூன்று வயதுக்கு உட்பட்டவர்களின் தகவல்களைத் திரட்டப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்றது. அந்தச் சம்மதத்தைத் தேடிப் பெறுவதைவிட, பதின்மூன்றுக்குக் கீழே யாரும் வர வேண்டாம் என்று எழுதிவைப்பது நிறுவனங்களுக்கு எளிதாக இருந்தது. நாட்டுக்கு நாடு மாற்றி எழுதாமல் ஒரே வாசகத்தை எங்கும் வைப்பது அதைவிட எளிது. இப்படி ஒரு நாட்டின் தகவல் சட்டம், ஒப்பந்த வாசகத்தின் வழியாக, உலகப் பிள்ளைகள் அனைவருக்கும் இணையத்தில் பிறக்கும் வயதாக ஆனது. சட்டம் வலுக்கட்டாயமாக எல்லை தாண்டியது என்று இதைச் சொல்ல முடியாது. நிறுவனங்களின் சௌகரியம் அதைச் சுமந்துகொண்டு போனது. இதன் இன்னொரு விளைவு யாரும் திட்டமிடாதது: பத்து, பதினோரு வயதுப் பிள்ளை பொது உலகுக்கு முன் தன்னைப் பற்றித் தரும் முதல் வாக்குமூலமே பொய்யான பிறந்த ஆண்டாகிவிடுகிறது. தேதிப் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போய், வேண்டிய ஆண்டில் விரலை நிறுத்தி, ‘ஏற்கிறேன்’ என்ற பொத்தானை அழுத்தும் அந்தக் காட்சியை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இப்போது நாடுகள் ஒவ்வொன்றும் தன் எண்ணை வைக்கத் தொடங்கியிருக்கின்றன. 2018 மே 25 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதி பதினாறு என்று தொடங்கி, உறுப்பு நாடுகள் விரும்பினால் பதின்மூன்று வரை குறைத்துக்கொள்ளலாம் என்கிறது. இந்தியாவின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. ஆஸ்திரேலியா 2024ல் இயற்றிய சட்டத்தின்படி, 2025 டிசம்பர் 10 முதல் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியச் சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. ஒரே பதினைந்து வயது ஒரு நாட்டில் தானே முடிவெடுக்கும் பயனர், இன்னொரு நாட்டில் பெற்றோரின் சம்மதம் தேவைப்படும் குழந்தை, மூன்றாவது நாட்டில் கணக்கே தொடங்கக் கூடாதவர். ஜப்பான் 2022 ஏப்ரல் 1 அன்று வயது வந்தோர் ஆகும் வயதை இருபதிலிருந்து பதினெட்டுக்குக் குறைத்தது. அன்று அந்நாட்டின் பதினெட்டு, பத்தொன்பது வயதினர் அனைவரும் ஒரே காலையில் பெரியவர்கள் ஆனார்கள். இனிமேல் பெற்றோரின் சம்மதமின்றிச் செய்யும் ஒப்பந்தத்தை அந்தக் காரணத்துக்காக ரத்து செய்யும் உரிமையையும் அதே காலையில் இழந்தார்கள். சட்டம் ஒருவரைப் பெரியவர் என்று அழைப்பதற்கு ஒரு விலை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் பதிவில் இருப்பவை. அடையாளத்துக்கு வரும்போது தரை கொஞ்சம் இளகுகிறது. பதின்பருவத்தின் முதன்மையான வேலையே அடையாளத்தை உருவாக்கிக்கொள்வதுதான் என்று உளவியலாளர் எரிக் எரிக்சன் சென்ற நூற்றாண்டின் நடுவில் சொன்னார். அது இன்றும் அந்தத் துறையின் அடித்தளமாக இருக்கிறது. உலகமயமாக்கலோடு அதை நேரடியாகப் பொருத்தியவர் ஜெஃப்ரி ஆர்னெட். 2002ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது சுருக்கமாக இது: உலகமயமாக்கலின் முதன்மையான உளவியல் விளைவு அடையாளத்தின் மேல்தான் விழுகிறது. பெரும்பாலான இளைஞர்கள் ஒரு காலை உள்ளூர்ப் பண்பாட்டிலும் மறு காலை உலகப் பண்பாட்டைப் பற்றிய உணர்விலும் ஊன்றிய இரட்டை அடையாளத்தை உருவாக்கிக்கொள்கிறார்கள். சிலர் இரண்டிலும் ஊன்ற முடியாமல் குழம்புகிறார்கள். சிலர் உலகப் பண்பாட்டிலிருந்து விலகி, ஒத்த கருத்துள்ளவர்களோடு தாங்களே தேர்ந்த பண்பாட்டை அமைத்துக்கொள்கிறார்கள். வேலை, திருமணம் என்று நிலைபெறும் காலமும் தள்ளிப்போகிறது. உலகமயமாக்கல் இளைஞர்களை ஒரே அச்சில் வார்த்துவிடுகிறது என்ற மேடைப்பேச்சைவிட இது எவ்வளவோ நேர்மையான சித்திரம் என்பது என் எண்ணம்.

இந்தச் சித்திரத்துக்கு ஆதரவான தரவுகளும் உண்டு. கெயில் ஃபெர்குசனும் மார்க் போர்ன்ஸ்டீனும் 2012ல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் வாழ்ந்திராத ஜமைக்கத் தீவுப் பதின்பருவத்தினரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நடத்தையிலும் விருப்பங்களிலும் அமெரிக்கச் சாயல் கொண்டிருந்ததைக் கண்டார்கள். புலம்பெயராமலே புலம்பெயர்ந்தவரின் மனநிலை வாய்க்கிறது என்பதால் இதைத் தொலைதூரப் பண்பாட்டேற்பு என்று அழைத்தார்கள். அந்தப் பிள்ளைகளுக்குப் பெற்றோரோடு உரசல் அதிகமாக இருந்தது. இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. உரசல் இருந்தது என்பது கண்டறிந்த செய்தி. அயல் பண்பாடுதான் உரசலை உண்டாக்கியது என்பது அதிலிருந்து தானாக வந்துவிடாது; வீட்டில் ஏற்கெனவே உரசல் உள்ள பிள்ளைகள் வெளியே வேறொரு உலகத்தைத் தேடிப் போயிருக்கவும் கூடும். உங்கள் கட்டுரையில் உலகமயமாக்கலையும் இளைஞர்களின் மனக்குழப்பத்தையும் காரண காரியமாக எழுத நேர்ந்தால், இந்த இடத்தில் நின்று நிதானித்து எழுதுங்கள். இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன என்று எழுதுவது பாதுகாப்பானது. ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று எழுத அதைவிட வலுவான சான்று வேண்டும்.

இனி வருவது என் தீர்ப்பு, அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்னெட் பேசும் உலகப் பண்பாடு வானத்திலிருந்து இளைஞர்கள் மேல் இறங்குவதில்லை. அது ஒப்பந்தங்களின் வழியாக வருகிறது. பாட்டுக் கேட்பதும் படம் போடுவதும் விளையாடுவதும் வேலை தேடுவதும் தோழியோடு பேசுவதும் யாரோ எழுதிய நிபந்தனைகளின் கீழ்தான் நடக்கின்றன. அந்த நிபந்தனைகள் அவர்களைப் பயனர் என்றும், உரிமம் வழங்குபவர் என்றும், சுயேச்சை ஒப்பந்ததாரர் என்றும் வகைப்படுத்துகின்றன. வகுப்பில் ஒருமுறை, வாகனம் ஓட்டிப் பகுதி நேரமாகச் சம்பாதிக்கும் மாணவர் ஒருவரிடம் என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டேன். “வேலைன்னு சொல்ல முடியாது சார், நான் அவங்களோட பார்ட்னர்” என்றார். அவர் வாயிலிருந்து வந்தது அந்தச் செயலியின் ஒப்பந்தச் சொல். விபத்து நடந்தால் யார் பொறுப்பு, நோயுற்ற நாளுக்கு ஊதியம் உண்டா என்ற கேள்விகளை விலக்குவதற்காகச் சட்ட அலுவலர் ஒருவர் தேர்ந்த சொல்லை, அந்தப் பையன் தன்னைப் பற்றிய விவரணையாகவே ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு மாணவரை வைத்து ஊருக்கெல்லாம் முடிவு சொல்ல மாட்டேன். ஆனால் சட்டச்சொல் சுயச்சொல்லாக மாறும் அந்தக் கணத்தை நேரில் கேட்டவன் என்பதால், வணிகச் சட்டமும் இளையோர் அடையாளமும் தொட்டுக்கொள்ளும் புள்ளி இதுவே என்று கருதுகிறேன்.

நீதிமன்றங்கள் இந்தச் சொற்களை அப்படியே ஏற்றுக்கொண்டுவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். கனடாவில் ஊபர் செயலிக்காக உணவு கொண்டுசேர்த்துவந்த ஓர் ஓட்டுநர் வழக்குத் தொடுத்தபோது, பிணக்கை நெதர்லாந்தில் பன்னாட்டு வர்த்தகச் சபையின் விதிகளின்படி நடுவர் முன்தான் தீர்க்க வேண்டும் என்று ஒப்பந்தம் தடுத்தது. அந்த வழிமுறையைத் தொடங்கவே 14,500 அமெரிக்க டாலர் கட்டணம். அவருடைய ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அது. 2020 ஜூனில் கனடாவின் உச்ச நீதிமன்றம், மனச்சாட்சிக்கு ஒவ்வாத பேரம் என்று கூறி அந்த ஷரத்தைச் செல்லாததாக்கியது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம், ஒப்பந்தம் என்ன பெயரிட்டு அழைத்தாலும் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தது. பன்னாட்டு நடுவர் முறையின் மீது பற்றுள்ளவனாகவே இதைச் சொல்கிறேன்: சமபலம் உள்ள இரண்டு வணிகர்களுக்காக வடித்த கருவியை அப்படியே எடுத்து ஓர் ஓட்டுநரின் மேல் வைத்தது அந்த முறைக்கே செய்த அநீதி. கனடா நீதிமன்றம் செய்தது சரி.

சட்டம் விட்டுவைத்த மனிதரைத் திரும்ப உள்ளே அழைக்கும் முயற்சிகள் வேறு சிலவும் உண்டு. ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும் என்பதை வகுத்து, 2009 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் நடைமுறையில் இருக்கும் ரோம் ஒன்று விதிமுறை, நுகர்வோர் ஒப்பந்தத்தில் எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்ந்திருந்தாலும், அந்த நிறுவனம் அவர் வாழும் நாட்டைக் குறிவைத்துத் தொழில் செய்யுமானால், அந்நாட்டின் கட்டாயப் பாதுகாப்புகளை அவரிடமிருந்து பறிக்க முடியாது என்கிறது. தரவுப் பாதுகாப்பு விதியின் முன்னுரையில் எனக்குப் பிடித்த ஒரு பத்தி இருக்கிறது. குழந்தையாக இருந்தபோது, அபாயங்களை முழுமையாக உணராமல் சம்மதம் தந்த ஒருவர், பின்னாளில் வளர்ந்த பிறகும் அந்தத் தகவல்களை அழிக்கச் சொல்லலாம் என்று அது சொல்கிறது. பிரான்ஸ் 2020 அக்டோபரில் இயற்றிய சட்டம், காணொளிகளில் தோன்றிச் சம்பாதிக்கும் பதினாறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வருமானத்தில் ஒரு பகுதியை அவர்கள் பெரியவர்கள் ஆகும் வரை பூட்டிவைக்கச் செய்ததோடு, தன் காணொளிகளை நீக்கச் சொல்லும் உரிமையைப் பெற்றோரைக் கேட்காமலே பயன்படுத்தும்படி பிள்ளைக்குக் கொடுத்தது. பன்னிரண்டு வயதில் நான் யாராக இருந்தேனோ அவராகவே இருபதிலும் இருக்க வேண்டியதில்லை என்பதை வணிகத்தைப் பற்றிய சட்டம் இங்கே ஒப்புக்கொள்கிறது. அடையாளம் உருவாகும் பருவம் என்று எரிக்சன் சொன்னதைச் சட்டமொழியில் எழுதினால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். இந்த உரிமைகள் இருப்பதால் பிள்ளைகளின் அடையாளம் ஆரோக்கியமாக வளர்கிறது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். உரிமை எழுத்தில் இருக்கிறது என்பது வரைதான் உறுதி.

உங்கள் கேள்வியில் பண்பாடு அழிந்துபோகும் என்ற கவலையும் தொனித்தது. அந்தக் கவலைக்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு. 2005ல் யுனெஸ்கோ ஏற்றுக்கொண்ட பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மை உடன்படிக்கை, பண்பாட்டுப் பொருள்களுக்குச் சந்தை மதிப்பு மட்டுமல்லாமல் அடையாளத்தையும் விழுமியங்களையும் சுமக்கும் இயல்பும் உண்டு என்கிறது. வாக்கெடுப்பில் எதிர்த்தவை அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே. ஆனால் அந்த உடன்படிக்கையை மீறினால் தடை விதிக்க வழியில்லை. பிற ஒப்பந்தங்களின் கடமைகளை மாற்றுவதாகத் தன்னைப் பொருள்கொள்ளக் கூடாது என்று அதன் இருபதாம் பிரிவே சொல்கிறது. தார்மீக உரிமைக்கு நேர்ந்தது இங்கும் நேர்ந்திருப்பதைக் கவனியுங்கள். அடையாளத்தைப் பேசும் ஆவணத்துக்குப் பல் இல்லை. பல் உள்ள ஆவணம் அடையாளத்தைப் பேசுவதில்லை. பண்பாடு அழியுமா என்று கேட்பதைவிட, பல்லை யாருக்குக் கொடுத்திருக்கிறோம் என்று கேட்பது பயனுள்ளது.

கட்டுரை எழுதுவதற்கு என்ன செய்யலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். உலகமயமாக்கல் என்ற பெருஞ்சொல்லை வைத்துத் தொடங்காதீர்கள். உங்கள் வயதினர் அன்றாடம் பயன்படுத்தும் ஏதாவது ஒரு செயலியின் நிபந்தனைகளை முழுவதும் அச்செடுத்து, மூன்று வண்ணப் பேனாக்களோடு உட்காருங்கள். எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் மன்றம் என்று சொல்லும் வரிகளுக்கு ஒரு வண்ணம். உங்களை ஒரு பெயரிட்டு வகைப்படுத்தும் சொற்களுக்கு ஒரு வண்ணம். நீங்கள் உருவாக்கும் படம், குரல், எழுத்து ஆகியவற்றின் மேல் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் உரிமைகளுக்கு மூன்றாவது வண்ணம். பிறகு அதே ஆவணத்தைப் பதினாறு, பதினேழு வயதில் இருக்கும் நான்கைந்து பேரிடம் கொடுத்து, அவரவர் பெற்றோரின் சம்மதத்தோடு, இரண்டாம் வண்ணச் சொற்களில் எதையாவது தங்களைப் பற்றிச் சொல்லும்போது பயன்படுத்துவதுண்டா என்று கேட்டு, அவர்கள் சொல்வதை அவர்கள் சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நான்கைந்து பேரை வைத்துப் பொதுமுடிவு எதையும் நிறுவ முடியாது; அதைக் கட்டுரையிலேயே எழுதிவிடுங்கள். நான் மாணவர்களுக்கு இந்தப் பயிற்சியைக் கொடுக்கும்போது, பெரும்பாலும் மூன்றாவது வண்ணம்தான் பக்கத்தை நிறைக்கிறது.